கரையான் தின்ற எண்

நான் கல்யாணமாகி எர்ணாவூர்க் குப்பத்து வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, ஆரத்தித் தட்டு எனக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். குனிந்தார். என் பட்டுப்புடவை முந்தானை ஓரத்தில், யாரும் பிய்க்க மறந்துபோன ஒரு துணிச்சீட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“தண்ணி படக்கூடாதுன்னு போட்டுகீது” என்றார் உரக்க. “ஆரத்திய தள்ளிப் புடிங்க.”

தட்டைப் பிடித்திருந்த இரண்டு பேரும் நிஜமாகவே ஓரடி பின்னால் போனார்கள். தலைகுனிந்தபடி நான் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறந்த வீட்டை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் என் வீட்டுக்காரர் குமாரின் அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இருபது வயதில் கட்டிக்கொடுத்த மனிதர் இரண்டே வருடத்தில் காய்ச்சலில் போய்விட, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். நான் பார்க்கும்போது அவருக்கு முப்பத்தெட்டு. எங்கள் வீட்டில் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். இப்போது ஆந்திரா பக்கம் இருக்கிறார்.

அண்ணி பத்தாவது வரை படித்தவர். ஆனால் அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டார். வடை வாங்கினால் வடையை என் கையில் கொடுத்துவிட்டு எண்ணெய்த்தாளை விரித்துப் படிப்பார். அது ஏதோ பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளாக இருந்தால், தப்பான விடைகளுக்கு அங்கேயே நின்று வருத்தப்படுவார். தண்டையார்பேட்டைக்கு பஸ்ஸில் போனால் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்பதை வாய்விட்டுப் படித்து, ஜன்னலில் முழங்கையை வைத்திருப்பவரைப் பார்ப்பார். அவர் கையை உள்ளே இழுக்கும்வரை பார்ப்பார். ஒருமுறை டிரைவரே இழுத்துக்கொண்டார்.

மாத்திரை அட்டை, பிஸ்கெட் உறை, கொசுவத்திப் பெட்டி, எதுவும் தப்பாது. புது குக்கர் வந்தபோது, அதனுடன் இருந்த சின்னப் புத்தகத்தை முடிக்கும்வரை அடுப்பில் ஏற்ற விடவில்லை. அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது முந்தின நாள் சோறு. “படிச்சி முடிக்கல இன்னும். பதினேழாம் பக்கத்துல இன்னா ஆபத்து கீதோ” என்றார். பதினேழாம் பக்கத்தில் காரட் அல்வா செய்முறை இருந்தது. அதையும் சொன்னபடியே செய்தார். நன்றாகத்தான் இருந்தது.

குப்பத்தில் இதைக் கேலி செய்யாதவர் கிடையாது. ஆனால் யாருக்காவது கரண்ட் ஆபீஸிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ ஒரு காகிதம் வந்துவிட்டால், முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

இந்த நிலைமையில்தான் குமார் ஒரு ஜீப் வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் குப்பத்தில் பதினான்கு ஃபைபர் போட்டுகள். கடல் பொங்கினால் அவற்றை மணலிலிருந்து ரோட்டோரம் வரை ஏற்ற வேண்டும். டிராக்டர்காரர் அவசரத்துக்கு வரமாட்டார். அதனால் ஏலத்தில் ஒரு பழைய ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மணலில் புதையாது என்று சொன்னார்கள். எல்லோரும் அதன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு புத்தகத்தை உருவினார். வண்டியின் கையேடு. ஆங்கிலம். பாதி கரையான்.

அன்றிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி, தெரியாத வார்த்தைக்கு செல்போனில் அர்த்தம் பார்த்து, மீன் அலசும்போதுகூட எனக்குப் பாடம் நடத்தினார். என்ஜினின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போட ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதாம். அதற்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று பேர். அங்கிருந்து வரும் பலத்தை இடது வலது சக்கரத்துக்குப் பிரித்துத் தருவது, அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்கும் டிஃபரன்ஷியல். மெக்கானிக்குகள் அதை கிரவுன் என்பார்கள். இரண்டுக்கும் உள்ளே கியர் ஆயில் ஊற்ற வேண்டும்.

இந்தச் சமயத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. அலைக்குள் இறக்கி ஏற்றியதில் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றார் குமார். ஆயிலை மாற்ற வேண்டும்.

“இன்னா ஆயிலுன்னு பார்த்துச் சொல்றேன் இரு” என்று அண்ணி புத்தகத்தைப் புரட்டினார். எண்பது–தொண்ணூறு என்பது ஆயிலின் கெட்டி, ஜி.எல். என்பது அதன் ரகம். கிரவுனுக்கு எண்பது–தொண்ணூறு, ஜி.எல். அஞ்சு. தெளிவாக இருந்தது. அடுத்த பக்கம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். எண்பது–தொண்ணூறு என்று இருந்தது. ஒன்றரை லிட்டர் என்று இருந்தது. பிறகு ‘ஜி.எல்.’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஓட்டை.

கரையான் சரியாக அந்த எண்ணைத் தின்றிருந்தது.

அண்ணி அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். அப்படி ஒரு துக்கத்தை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இருவரும் தண்டையார்பேட்டைக்குப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு சின்ன ஆயில் கடை. கடைக்காரர் பேர் தயாளன். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரை, நெற்றியில் கறுப்பாக ஆயில் விரல் தடம். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா வோணும்?”

“கியர் ஆயிலு அண்ணாத்த. பழைய ஜீப்பு, ஃபோர் வீலு. கிரவுனுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும்.”

அவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு கேனை எடுத்து மேஜையில் வைத்தார். “இந்தா. ஜி.எல். அஞ்சு. எல்லாத்துக்கும் இத்தியே ஊத்து. எல்லாம் ஒண்ணுதான்.”

“எல்லாம் ஒண்ணுன்னா ஏன் இத்தினி தினுசு அடுக்கி வெச்சிகீற?”

தயாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஜி.எல். நாலுன்னு ஒண்ணு கீதுமா. ஜி.எல். அஞ்சுன்னு ஒண்ணு கீது. நாலவிட அஞ்சு பெருசு இல்ல? பெருசு வாங்கினு போ.”

“நூத்தி நாலு காய்ச்சலவிட நூத்தி அஞ்சு காய்ச்சல் பெருசுதான். உனுக்கு வந்தா சந்தோசப்படுவியா?”

பக்கத்தில் நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்று கேட்க ஆரம்பித்தார். அண்ணி கேனைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“மஞ்ச உலோகம் இருக்கிற பெட்டின்னா, ஊத்துறதுக்கு முன்ன வண்டிப் புத்தகத்தப் பாருன்னு போட்டுகீது. இன்னா அது மஞ்ச உலோகம்?”

தயாளன் முதல் முறையாக எழுந்து நின்றார். “பித்தளை, வெங்கலம். அஞ்சுல கந்தக மருந்து ஜாஸ்திமா. கிரவுனுக்கு அது வோணும். பல்லு மேல பல்லு வழுக்கும் பாரு, அப்ப அதான் காப்பாத்தும். பித்தளைல பட்டா மெதுவா அரிக்கும்னு சொல்வாங்கோ. அதெல்லாம் நூத்துல ஒண்ணு.”

“என் ஜீப்பு அந்த ஒண்ணா இருந்தா?”

“புத்தகத்தப் பாரேன்.”

“புத்தகத்துல ஓட்டை கீது. அதான் டப்பாவப் பார்த்தேன். டப்பா புத்தகத்தப் பாருன்னுது.”

லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். தயாளனும் சிரித்துவிட்டார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கிரவுனுக்கு ஜி.எல். அஞ்சு ஒரு கேன் வாங்கிக்கொண்டார். “பொட்டிக்கு உள்ள பித்தளை கீதான்னு பார்த்துட்டு வரேன்” என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். திரும்பிப் பார்த்தேன். தயாளன் ஒரு கேனைக் கையில் எடுத்து, பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி குமாரிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். “டேய், புத்தகத்துல போட்டுகீது. மொதல்ல மேல் மூடியத் தொற. ஊத்துற மூடி. அது தொறந்த பொறவுதான் கீழ் மூடியத் தொறந்து வடிக்கணும். மறந்துடாத.”

“சரி சரி” என்றார் குமார். அவர் இரண்டு முறை சரி சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அது எனக்கே அப்போது தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, நானும் அண்ணியும் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, குமார் ஜீப்புக்கு அடியில் படுத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸின் கீழ் மூடியைத் திறந்துவிட்டார். ஆயில் மொத்தமும் மீன் கழுவும் அலுமினியத் தட்டில் கொட்டியது. பிறகு மேல் மூடிக்கு ஸ்பேனரைப் போட்டார். உப்புக்காற்றில் துருப்பிடித்த மூடி அசையவில்லை. சுத்தியலால் தட்டினார். மண்ணெண்ணெய் விட்டார். இன்னும் பெரிய ஸ்பேனரைப் போட்டு இரண்டு பேர் தொங்கினார்கள். மூடியின் தலை வழவழவென்று உருண்டையானதுதான் மிச்சம்.

நாங்கள் அரிசிப் பையோடு திரும்பி வந்தபோது குமார் மணலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும், அடி வாங்கப் போகிற பையனைப் போல எழுந்து நின்றார்.

அண்ணி திட்டவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் கலந்த ஆயில், நிறைய பால் விட்ட டீ மாதிரி இருந்தது. ஒரு குச்சியால் கலக்கினார். வெயில் பட்டதும் உள்ளே என்னவோ மினுங்கியது. பொடிப்பொடியாக, சங்கரா மீன் செதிலைவிடச் சின்னதாக, தங்க நிறத்தில்.

“மல்லிகா” என்றார் என்னைப் பார்த்து, மூச்சை இழுத்து. “மஞ்ச!”

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பித்தளைடீ! உள்ள பித்தளை கீது, தேஞ்சினு வருது! அப்ப அஞ்சு ஆவாது. நாலு! கரையான் துன்னது நாலு!” அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டு அந்த மணலில் ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் ஆடி அன்றுதான் பார்த்தேன். தட்டைச் சுற்றிக் கூடியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நிஜத் தங்கம் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு கிழவர் கையையே உள்ளே விட்டுவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் ஊர்த் தலைவர் ஓடி வந்தார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். ராத்திரிக்குள் கடல் பொங்கும். பதினான்கு போட்டையும் மேலே ஏற்ற வேண்டும். “குமாரு, ஜீப்ப எட்றா.”

ஜீப்பின் வயிறு காலி. ஊற்றும் வாய் அடைப்பு. டிராக்டர்காரருக்குப் போன் போட்டால், அவர் வேறு குப்பத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறாராம்.

“ஆயில் நான் எட்டாறேன். நீ மூடியப் பாரு” என்று சொல்லிவிட்டு அண்ணி ஆட்டோவைக் கைகாட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். போகும் வழியெல்லாம் மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆட்டோ டிரைவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விதிமுறைகளை அப்போதும் அண்ணி படித்தார். பதற்றத்தில் வேகமாகப் படித்தார், அவ்வளவுதான்.

“நாலு” என்றார் கடைப் படியேறும்போதே. “நாலுதான் அண்ணாத்த! தூளு மஞ்சளா வந்துச்சி!”

தயாளனுக்கும் ஏதோ பரீட்சையில் பாஸான சந்தோஷம். ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து, ஒரு கேனை எடுத்து நீட்டினார். “ஜி.எல். நாலு. எண்பது–தொண்ணூறு. போன வாரம் வந்த சரக்கு.”

அண்ணி வாங்கினார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் படித்தார். மறுபடி முன்பக்கம். லேபிளின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

“அண்ணி, நேரமாவுது” என்றேன்.

“இங்கிலீஷ்ல ட்ரான்ஸ்மிஷனுக்கு மூணு எஸ்ஸு வரணும். இதுல ரெண்டுதான் கீது.”

“அச்சுப்பிழைமா அது” என்றார் தயாளன்.

“மொத லேபிளுன்னா ஓரம் இப்டி எழும்பாது. இது மேல ஒட்டுனது.” நகத்தை உள்ளே விட்டு மெதுவாக உரித்தார். லேபிள் முழுசாகக் கையோடு வந்தது. அடியில் இன்னொரு லேபிள். ஸ்கூட்டருக்குப் போடும் ஏதோ என்ஜின் ஆயிலுடையது.

தயாளன் மூடியைத் திறந்து விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. பெட்டியிலிருந்த அடுத்த கேனை உரித்தார். அதற்கடுத்ததை உரித்தார். எல்லாம் அதேதான். சப்ளை செய்தவன் அவரை ஏமாற்றியிருந்தான். பெட்டியை மூடிவிட்டு தயாளன் செல்போனை எடுத்தார். 

“தோஸ்து, முந்தாநேத்து ஒரு கேன் வாங்கினு போனியே. ஊத்திட்டியா? ஊத்தாத. ஊத்துனா வடிச்சிடு. என் தப்புதான்பா.” வைத்துவிட்டு அடுத்த நம்பர். அந்தப் பெட்டியிலிருந்து நான்கு கேன் விற்றிருந்தாராம். நாலு பேருக்கும் போன் பண்ணி முடித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க குந்துங்க. வேற கடைல நல்ல சரக்கு கீது, நான் போய் எட்டாறேன்.” ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். கடையைப் பூட்டக்கூட இல்லை.

ஆக, ஆளில்லாத ஆயில் கடையில் நாங்கள் இருவர். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, உரித்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னார். நான் கேட்கவில்லை.

“நான் இந்த வேலை செஞ்சிகிறேன் மல்லிகா.”

“இன்னா வேலை அண்ணி?”

“லேபிள் ஒட்டுற வேலை. நீ வர்றதுக்கு ரொம்ப முன்ன, இங்க ஒரு குடோன்ல. ஒரே பேரலு ஆயிலு. மூணு லேபிளு. காலைல ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. நான் படிச்சதே இல்ல. ஒட்டுறதுதானே நம்ம வேலை, படிக்கிறது இல்லியேன்னு இருந்தேன்.” லேபிளை முழங்கால்மேல் வைத்து நீவினார். “ஒருநாளு ஒரு லாரிக்காரன் குடோன் கேட்டாண்ட வந்து குந்திட்டான். துண்டுல முடிஞ்சி எட்னு வந்தான் பாரு, கிரவுன் பல்லு. ஒடஞ்சி ஒடஞ்சி. ‘பேர் பார்த்துத்தானேமா ஊத்துனேன்’னான். என்னாண்டதான் சொன்னான். வேற யாரும் வெளிய வரல. லாரி அவனுதுகூட இல்ல, முதலாளிது.”

“நீங்க இன்னா பண்ணீங்க?”

“பசை கையோட வூட்டுக்கு வந்துட்டேன். பொறவு போவல.”

ஆறு வருடத்தில் அவர் படிப்பதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

அதற்குள் ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு வந்து, “அக்கா, ஒரு லிட்டர் ஆயிலு” என்றான். அண்ணி நிமிர்ந்தார். “எந்த வண்டி? எந்த வருசம்? புத்தகம் வெச்சிகீறியா?” என்று ஆரம்பித்தார். பையன் மிரண்டு, “பொறவு வரேங்க்கா” என்று போய்விட்டான். தயாளன் திரும்பி வருவதற்குள் மூன்று வாடிக்கையாளர்களை அண்ணி படித்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

தயாளன் கொண்டுவந்த கேனில் எல்லா எஸ்ஸும் இருந்தன. அண்ணி படித்து முடிக்கும்வரை அவர் கைகட்டி நின்றார். “சரியா கீது” என்றதும் ஷட்டரை இழுத்தார். “மேல் மூடி சிக்கிக்கிச்சின்னீங்களே. நானும் வரேன்.”

தூறல் போட ஆரம்பித்திருந்தது. நாங்கள் ஆட்டோவில், அவர் பின்னால் ஸ்கூட்டரில். குப்பத்தில் எல்லோரும் ஜீப்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். அலை, முதல் வரிசைப் போட்டுகளின் மூக்கை நனைத்துக்கொண்டிருந்தது. மேல் மூடி அசையவே இல்லை.

தயாளன் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தார். “மூடிய வுடுங்கப்பா. ஸ்பீடு மீட்டர் வயரு பொட்டிலதான் போய்ச் சொருவுது. அத்தக் கழட்டுனா ஒரு ஓட்டை கெடைக்கும். ஆயிலு அது வழியா போவும்.”

“புத்தகத்துல அப்டி போடலியே” என்றார் அண்ணி.

“புத்தகம் எழுதுனவன் எர்ணாவூர்ல வண்டி ஓட்டலமா.”

அண்ணி ஒரு கணம் யோசித்தார். பிறகு புனலை எடுத்துக்கொண்டு தானும் மணலில் படுத்துவிட்டார். டீசல் மாற்றுகிற ரப்பர் குழாயைத் துடைத்து அந்த ஓட்டையில் விட்டார்கள். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் அளந்து, ஒன்றரை பாட்டில். கரையான் அந்த அளவைத் தின்னாமல் விட்டது பெரிய புண்ணியம். கெட்டியான ஆயில் இறங்குவதற்குள் எனக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது. “மெதுவா, மெதுவா” என்று தயாளன் சொல்ல, “அளவு பார்த்துனுகிறேன், பேசாத” என்று அண்ணி சொல்ல, ஜீப்புக்கு வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. கிரவுனின் மூடி நல்லவேளையாகச் சுலபமாகத் திறந்தது. முதலில் மேல் மூடி, பிறகு கீழ் மூடி. குமார் இந்த முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திறந்தார். அதற்கு அஞ்சு.

வண்டியை ஓட்ட வேண்டியவர் குமார். ஆனால் அண்ணி ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் அவரிடமும் இருந்தது. அதன் பின்பக்கத்தையும் படித்தவர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தகடு அடித்திருந்தது. மழையில் பதினான்கு போட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணி அதைத் துடைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினார்.

“அக்கா, இப்ப இன்னாக்கா!” என்று கத்தினார் குமார்.

“வண்டி நின்னுனு இருக்கசொல்லோதான் இந்த ஃபோர் வீலு குச்சியப் போடணும்னு கீது. ஓடசொல்லோ போட்டா ஒடஞ்சிடும். தெரியுமா உனுக்கு?”

குமாருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அண்ணி குச்சியைப் போட்டார். முன் சக்கரமும் சேர்ந்து மணலைக் கவ்வியது. ஜீப் முனகவே இல்லை. முதல் போட் மேலே ஏறியபோது எழுந்த கூச்சலில் நாய்களெல்லாம் ஓடின. இரண்டாவது, மூன்றாவது. பெண்கள் பின்னால் தள்ளினோம். யாரோ விழுந்தார்கள், யாரோ அவர்மேல் விழுந்தார்கள், எழுந்து சிரித்தார்கள். ஐந்தாவது போட்டுக்கு மேல் யாருக்கும் பயமே இல்லை. தயாளன் ஒவ்வொரு முறையும் கயிற்றை மாட்டிவிட்டு, ஜீப்பின் அடியில் கையை வைத்துச் சூடு பார்த்து, “ஜில்லுனு கீது! இழு!” என்று கத்துவார். பொழுது சாய்வதற்குள் பதினான்கும் ரோட்டோரம் வரிசையாக நின்றன.

புயல் வடக்கே போய்விட்டது. ஆனால் அலை வந்தது. மறுநாள் காலை பார்த்தால், போட்டுகள் இருந்த இடத்தில் மணலே இல்லை. கறுப்புப் பாறாங்கல்லும் தண்ணீரும்தான். ஊர்த் தலைவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணியிடம் காலெண்டரை வாங்கிப் படித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தயாளன் வந்தார், மேல் மூடியைக் கழற்ற. கழற்றினார். அதற்கடுத்த வாரம் புது மூடி மாட்ட வந்தார். அதற்கடுத்த வாரம் ஆயில் அளவு பார்க்க வந்தார். ஆயில் அளவு வாரா வாரம் பார்க்க வேண்டியதில்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அண்ணிக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். ஆனால் சொல்லவில்லை. அண்ணாத்த என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனித்து வைத்திருக்கிறேன்: புது மூடி மாட்டிய அன்று.

தயாளனுக்கு மனைவி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. குமாரிடம்தான் முதலில் கேட்டார். குமார் “சரி சரி” என்று சொல்லிவிட்டு, அவர் போனபிறகுதான் என்ன கேட்டார் என்று புரிந்து, தெருமுனைவரை ஓடிப்போய் இன்னொரு முறை ஒழுங்காகச் சரி சொல்லிவிட்டு வந்தார். காக்கிநாடாவில் தயாளனின் அண்ணனுக்கு ஒரு கடை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கே போவதாகத் திட்டம்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். நானும் குமாரும் சாட்சி. நல்ல கூட்டம், எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு ஜோடிகள் மாலையோடு நின்றிருந்தார்கள். கிளார்க் அடித்த காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். தயாளன் பேனாவை வாங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களிடம் நான் முன்கூட்டியே சொன்னேன், “கொஞ்சம் நேரமாகுங்க” என்று. ஒரு மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது வரியில் அண்ணியின் விரல் நின்றது.

“மணமகள்” என்று படித்தார். “மல்லிகா.”

கிளார்க் எட்டிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். சாட்சி போட வேண்டிய என் பேர், மணமகள் என்று இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே தயாளனின் கையெழுத்து, மை காயாமல்.

“இன்னாய்யா” என்றார் அண்ணி மாப்பிள்ளையைப் பார்த்து. “மல்லிகாவக் கட்டிக்கத்தான் இம்மாந்தூரம் வந்தியா?”

குமார் பாய்ந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கி, கிழித்து, கிழித்ததையும் மறுபடி கிழித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. பெஞ்சில் உட்கார்ந்த மாப்பிள்ளை எழுந்து தன் காகிதத்தைப் படிக்க ஓடினார். கிளார்க் முகம் சிவந்து, புதிதாக அடித்துக்கொண்டு வந்தார்.

அண்ணி அதைத் தொடவில்லை. தயாளன் பக்கம் தள்ளினார். “இந்தவாட்டி நீ படி. வாய்விட்டுப் படி.”

தயாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். மாலை கழுத்தை அறுக்க, மேலே இருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தேதி, இடம், தன் பேர், தன் அப்பா பேர், தொழில். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மணமகள் என்று படித்து, சற்று நிறுத்தி, அண்ணியின் பேரை முழுதாக, அப்பா பேரோடு சேர்த்துப் படித்தார். அந்தப் பேரை முழுசாக யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்கா, அண்ணி, ஜீப்புக்கார அம்மா, இவ்வளவுதான் அதுவரை. அண்ணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். காதுமடல் சிவந்திருந்தது.

“சரியா கீதா?” என்றார் தயாளன்.

அண்ணி நிமிரவில்லை.

“இன்னொருவாட்டி படி” என்றார்.